அரை டிகிரி

நன்றாகச் செய்த ஓர் இன்குபேட்டரின் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே பெரிதாக எதுவும் தென்படாது. மீன்கடையில் ஐஸ் போட்டு வைக்கிற தெர்மாகோல் பெட்டி. அதன் ஓரத்தில் இரண்டு குண்டு பல்பு. பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சிறு ஃபேன். கம்பி வலைத் தட்டு, அகலமான தண்ணீர்க் கிண்ணம். பெட்டிக்கு வெளியே சிவப்பு எண்கள் ஒளிரும் சின்ன சர்க்யூட் போர்டு. எல்லாமே எந்த ஊர் கடைத்தெருவிலும் கிடைக்கிற சாமான்கள். ஆனால் இதே சாமான்களை வைத்து இரண்டு பேர் செய்த பெட்டிகளில் ஒன்று தட்டு நிறையக் குஞ்சு எடுக்கும். மற்றொன்று பாதியைக் கூமுட்டையாக்கிவிடும். எது எங்கே உட்கார்ந்திருக்கிறது, எதற்கு எது மறைவாக இருக்கிறது என்பதில்தான் வேலையின் நயம் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் தம்பி ஒருவர் தம் வீட்டு நாட்டுக்கோழி முட்டைகளுக்காக இப்படி ஒரு பெட்டி செய்திருக்கிறார். அதன் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு எழுந்துவர மனம் வருவதில்லை. ஒவ்வொரு துளையும் ஒவ்வொரு தடுப்பும் எதற்காக என்று யோசிக்க யோசிக்க, ஒரு முட்டைக்கு என்ன வேண்டும் என்பதை அந்தக் கை எவ்வளவு நுட்பமாகப் புரிந்துகொண்டிருக்கிறது என்று தெரிகிறது.

காற்றோட்டம் உள்ள பெட்டியில் கோழி முட்டைக்கு வேண்டிய சூடு 37.5 டிகிரி செல்சியஸ். ஃபாரன்ஹீட்டில் 99.5. வீட்டில் குழந்தைக்கு இந்த அளவு இருந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "லேசா சுடுதே" என்போம். அதற்கு மேல் கவலைப்பட மாட்டோம். அந்த லேசான சூட்டிலேயே முட்டை 21 நாளும் இருக்க வேண்டும். அரை டிகிரி தொடர்ந்து குறைந்தால் குஞ்சு தாமதமாகும். அரை டிகிரி தொடர்ந்து கூடினால் அவசரப்பட்டு, நலிந்து வரும். இந்த இரண்டு பிழைகளும் சமமானவை அல்ல என்பதையும் பார்க்க வேண்டும். அடைக்கோழி இரை தின்னவும் தண்ணீர் குடிக்கவும் தினமும் சற்று நேரம் கூட்டை விட்டு எழுந்து போகிறது. அந்த இடைவெளிக் குளிர்ச்சியை முட்டை தாங்கிக்கொள்கிறது. சூடு 40 டிகிரியைத் தாண்டி நின்றாலோ சில மணி நேரத்திலேயே கரு செத்துப்போகலாம். அதனால் கரண்ட் போனால் கெட்டிப் போர்வை ஒன்றைப் பெட்டிமேல் போர்த்திவிட்டு நிதானமாக இருக்கலாம். அணைய வேண்டிய பல்பு அணையாமல் போவதுதான் உண்மையில் பயப்பட வேண்டிய விஷயம்.

சூட்டுக்கு இரண்டு குணம் வேண்டும். நேரத்துக்கு நேரம் மாறாமல் இருப்பது ஒன்று. இடத்துக்கு இடம் மாறாமல் இருப்பது இன்னொன்று. பெட்டி செய்யத் தொடங்குகிற எல்லோரும் முதல் குணத்திலேயே மனத்தைச் செலுத்துகிறார்கள். போர்டில் 37.5 என்று எண் அசையாமல் நின்றால் வேலை முடிந்தது என்று தோன்றிவிடுகிறது. ஆனால் அந்த எண் சென்சார் தொங்குகிற ஒரே புள்ளியின் சேதி. நான்கு விரற்கடை தள்ளி மூலையில் கிடக்கும் முட்டையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. முதல் குணத்தைக் கடையில் காசு கொடுத்து வாங்கிவிடலாம். இரண்டாவதைக் கையால்தான் செய்ய வேண்டும்.

முதலில் கடையில் வாங்குவதைப் பார்ப்போம். இந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது டபிள்யூ 1209 என்ற சின்னத் தெர்மோஸ்டாட் போர்டு. 12 வோல்ட்டில் ஓடும். வயர் நுனியில் மிளகை விடச் சற்றுப் பெரிய சென்சார். சூடு குறைந்தால் ரிலே "டக்" என்று சேர்ந்து பல்பை எரியவிடும். சூடு வந்ததும் "டக்" என்று விடும். சேருவதற்கும் விடுவதற்கும் நடுவே எவ்வளவு வித்தியாசம் இருக்கலாம் என்பதை நாமே அதில் குறிக்கலாம். கடையிலிருந்து வரும்போது அது 2 டிகிரி என்று குறிக்கப்பட்டிருக்கும். மீன்தொட்டிக்கோ குளிர்சாதனத்துக்கோ அது போதும். முட்டைக்கு அது பெரிய ஊசலாட்டம். தம்பி அதை 0.1க்குக் கொண்டுவந்திருக்கிறார். அவருடைய பெட்டி அருகே உட்கார்ந்தால் அந்த "டக்" ஓசை அடிக்கடி கேட்கும். குறுகிய எல்லைக்குள் பெட்டி தன்னைத் திருத்திக்கொண்டே இருப்பதன் சத்தம் அது.

எண்ணைக் குறுக்கினால் மட்டும் போதாது என்பது அடுத்த நுட்பம். பல்பை அணைத்த கணத்தில் சூடு நின்றுவிடுவதில்லை. கொதித்துக் கிடக்கும் கண்ணாடிக் குமிழ் இன்னும் சற்று நேரம் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அதனால் உள்சூடு குறியைத் தாண்டி ஏறிவிடும். பெரிய பல்பு அதிகமாகத் தாண்டும். 60 வாட் ஒன்றைப் போட்டு அது பளிச்சென்று எரிந்து எரிந்து அணைவதை விட, சிறிய பல்புகள் இரண்டு நிதானமாக எரிவது முட்டைக்கு நல்லது. இரண்டில் ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது பெட்டியை ஓரளவு காப்பாற்றி வைக்கும். எல்லோரும் எல்இடிக்கு மாறிவிட்ட பிறகு குண்டு பல்பு தேடி அலைய வேண்டியிருக்கிறது. வெளிச்சத்துக்காக வாங்கியவர்கள் அதன் சூட்டை வீண் என்று நினைத்தார்கள். இங்கே வேண்டியதே அந்தச் சூடுதான்.

பல்புக்கும் முட்டைக்கும் நடுவே தம்பி ஒரு தகரத் தடுப்பை நிறுத்தியிருக்கிறார். எண்ணெய் டின்னை வெட்டி எடுத்த தகடு. முதலில் பார்ப்பவருக்கு அது வேண்டாத வேலையாகத் தெரியும். பல்பின் சூடு காற்றின் வழியாக மட்டும் வருவதில்லை. வெயில் மாதிரி நேராகவும் பாயும். தடுப்பு இல்லாவிட்டால் பல்பைப் பார்த்திருக்கும் முட்டையின் ஒரு கன்னம், காற்று 37.5இல் இருக்கும்போதே, அதைவிடச் சூடாகிவிடும். சென்சார் மீது அந்தக் கதிர் விழுந்தாலோ இன்னும் கெடுதல்: பெட்டி சூடாகிவிட்டது என்று அது பொய் சொல்லி பல்பை அணைத்துவிடும், மற்ற முட்டைகள் குளிரில் கிடக்கும். தகரம் அந்த நேர்க்கதிரை வாங்கிக்கொண்டு, சூட்டைக் காற்றிடம் ஒப்படைக்கிறது. சூடு காற்றாகவே முட்டையிடம் போக வேண்டும் என்ற முடிவு அந்த ஒரு தகட்டில் இருக்கிறது.

தட்டுக்கு அடியில் தண்ணீர் நிறைத்து மூடிய பாட்டில்கள் சில படுத்திருக்கின்றன. ஈரத்துக்காக அல்ல. தண்ணீர் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். மூடியைத் திறந்தால் காற்றின் சூடு நொடியில் போய்விடும். பாட்டில்கள் அதை வெகு சீக்கிரம் மீட்டுத் தரும். கரண்ட் போன நேரத்திலும் இவைதான் முதலில் கைகொடுப்பவை. முட்டையும் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதால், தட்டு நிறைய முட்டை இருக்கும் பெட்டி, பாதி காலியாக இருக்கும் பெட்டியை விட நிதானமாக இருக்கும். இதிலிருந்து அளவிடும் கலையில் ஒரு பாடமும் பிறக்கிறது. பல்பை ஆளும் சென்சார் சுறுசுறுப்பாக இருக்க வேண்டும். அது காற்றில் தொங்கட்டும். நாம் கண்ணால் பார்க்கும் தெர்மாமீட்டரோ மந்தமாக இருப்பது நல்லது. அதன் நுனியைத் தண்ணீர் நிரம்பிய சிறு பையில் செருகி முட்டைகளுக்கு நடுவே வைத்தால், காற்றின் படபடப்பை விட்டுவிட்டு முட்டைக்குள் என்ன நடக்கிறதோ அதற்கு நெருக்கமானதைக் காட்டும்.

அந்த எண்ணையே நம்பலாமா? மலிவான சென்சார்கள் ஒரு டிகிரி வரை பிசகுவது சாதாரணம். அரை டிகிரிக்குப் பாடுபடுகிற இடத்தில் ஒரு டிகிரிப் பிசகு எல்லாவற்றையும் அழித்துவிடும். இதற்குக் கிடைக்கிற தீர்வு அழகானது. வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் காய்ச்சல் தெர்மாமீட்டர் செய்யப்பட்டதே 37ஐச் சுற்றியுள்ள நான்கைந்து டிகிரிக்காக. அங்கே அது பத்தில் ஒரு டிகிரி வரை நாணயமாகச் சொல்லும். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டின் நுனியையும் சேர்த்துப் பிடித்து, தண்ணீரைக் கலக்கிக்கொண்டே பார்த்து, வித்தியாசத்தைப் போர்டில் திருத்தம் என்று ஏற்றிவிட்டால் முடிந்தது. மனித உடம்பும் கோழி முட்டையும் வேண்டுகிற சூடு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் கிடைத்த வசதி இது.

இனிக் கையால் செய்ய வேண்டிய பகுதி.

ஃபேன் இல்லாத பெட்டியில் சூடான காற்று மேலே ஏறி அடுக்காக நிற்கும். முட்டையின் மேல்புறத்துக்கும் அடிப்புறத்துக்குமே ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் வரும். அதனால் அந்த வகைப் பெட்டியில் முட்டையின் உச்சி மட்டத்தில் 38.5ஐ ஒட்டி வைக்கச் சொல்வார்கள். கேட்டால் இது குறைபாடு போலத் தோன்றும். ஆனால் அடைக்கோழி கொடுப்பதும் மேலிருந்து வரும் சூடுதான். அதன் வயிற்றில் இறகு உதிர்ந்து, ரத்த நாளங்கள் பெருகி, சூடான வெற்றுத்தோல் நேராக முட்டையின் உச்சியில் படிகிறது; அடிப்பக்கம் கூட்டின் குளிர்ச்சியில் கிடக்கிறது. முட்டையும் இதற்கென்றே அமைந்திருக்கிறது. கரு இருக்கும் பக்கம் மஞ்சள் கருவில் கனம் குறைந்த பக்கம். முட்டையை எப்படிப் புரட்டினாலும், இருபுறமும் முறுக்கிய வெண்ணிற இழைகளில் தொங்கும் மஞ்சள் கரு மெல்லத் திரும்பி, கருவை மறுபடி மேலே, தாயின் வயிற்றுப் பக்கமாகக் கொண்டுவந்துவிடும். ஓட்டுக்குள் நடக்கும் இந்தச் சிறு திரும்பலைவிட நயமான ஏற்பாடு எனக்குத் தெரிந்து எந்த எந்திரத்திலும் இல்லை.

கோழி ஒவ்வொரு முட்டையையும் தொட்டறிகிறது. ஓரத்தில் இருப்பதை அலகால் நடுவுக்கு இழுத்துக்கொள்கிறது. பெட்டிக்கு அந்த அலகு இல்லை. அதனால்தான் ஃபேன். கோழி முட்டையை நகர்த்திச் செய்ததை, ஃபேன் காற்றை நகர்த்திச் செய்கிறது.

"அண்ணே, பல்பு நிக்கலாம், ஃபேன் நிக்கக் கூடாது" என்றார் தம்பி. பலர் ஃபேனையும் தெர்மோஸ்டாட்டோடு சேர்த்து இணைத்துவிடுகிறார்கள். பல்பு அணைந்ததும் ஃபேனும் நிற்கும். காற்று உடனே அடுக்குக் கட்டத் தொடங்கும். குமிழில் மிச்சமிருக்கும் சூடு ஒரு மூலையில் தேங்கும். இவர் ஃபேனுக்குத் தனி இணைப்புக் கொடுத்திருக்கிறார். அதன் முகத்தை முட்டைகள் பக்கம் திருப்பாமல் சுவர்ப்பக்கம் திருப்பியிருப்பது இன்னொரு நுட்பம். நேராக வீசினால் முன்வரிசை முட்டைகள் வறண்டுபோகும். சுவரில் மோதி, மூடியின் அடியாகப் பரவி, எதிர்ச்சுவரில் இறங்கி, வலைத்தட்டின் கீழாக மறுபடி ஃபேனிடம் வந்து சேரும்படி காற்றுக்கு ஒரு வட்டப்பாதை. ஒரு ஊதுவத்தியை உள்ளே பிடித்தால் அது அந்தப் பாதையைப் புகையில் எழுதிக் காட்டும். முட்டை வைப்பதற்கு முன்பு இதைப் பார்த்துவிட வேண்டும்.

பிறகு நான்கு மூலையிலும் நடுவிலும் தெர்மாமீட்டர் வைத்துப் பெட்டியைச் சும்மா ஓடவிடுவது. இதைத்தான் பெரும்பாலானோர் பொறுமையில்லாமல் தாண்டிப் போகிறார்கள். ஃபேனுக்குப் பின்மூலை ஏறக்குறைய எப்போதும் குளிர்ந்திருக்கும். மூடி இடுக்குள்ள பக்கமும் அப்படித்தான். ஃபேனை ஒரு அங்குலம் நகர்த்தினால் ஒரு மூலை சரியாகி மற்றொன்று கெடும். தடுப்பைச் சற்றுச் சாய்த்தால் அதுவும் சரியாகும். ஐந்து இடமும் அரை டிகிரிக்குள் வந்து நிற்கும்வரை இந்தப் பேச்சுவார்த்தை தொடரும். இதில் அவசரப்படாதவர்தான் பெட்டி செய்தவர். மற்றவர்கள் சாமான்களைப் பொருத்தியவர்கள் மட்டுமே.

சூட்டை எண்ணாக அறியும் கருவி வருவதற்கு மிக முன்பே இந்தச் சமநிலையைப் பிடித்தவர்கள் எகிப்தியர். களிமண் செங்கல்லால் கட்டிய பொரிப்புக் கூடங்கள் அங்கே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவருகின்றன. நடுவே நடைவழி, இருபுறமும் ஈரடுக்கு அறைகள். கீழறையில் முட்டை, மேலறையில் சாணமும் வைக்கோலும் எரியும் மெல்லிய கனல். சூடு அங்கேயும் மேலிருந்தே வருகிறது. முட்டையை எடுத்து மூடிய கண்ணிமையில் வைத்து, சூடு சரியா என்று சொல்வார்கள். உள்ளங்கை தழும்பேறிப் பொய் சொல்லலாம், இமைத்தோல் சொல்லாது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த அறிவுக்கு நான் தலைவணங்குகிறேன். 1749இல் பிரெஞ்சு அறிஞர் ரேயோமர் இந்தக் கலையைப் பற்றி ஒரு நூலே எழுதி, தெர்மாமீட்டரைக் கொண்டு அதை ஐரோப்பாவில் செய்துபார்க்க முனைந்தார். 1881இல் இங்கிலாந்தில் சார்லஸ் ஹியர்சன் கண்டுபிடித்தது இன்னும் நயமானது: இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே ஈதர் கலந்த திரவம் சில துளி. குறித்த சூடு வந்ததும் அது கொதித்து ஆவியாகித் தகடுகளை உப்பவைக்கும். அந்தச் சிறு உப்பல் ஒரு கம்பியைத் தூக்கி, விளக்கின் சூட்டை வெளியே திருப்பிவிடும். மின்சாரம் இல்லாமலே தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் பெட்டி. நம் தம்பியின் ரிலே "டக்" என்று சொல்வதைத்தான் அந்தத் தகடு சத்தமில்லாமல் சொன்னது.

தண்ணீர்க் கிண்ணத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. முட்டை 21 நாளில் தன் எடையில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கைத் தண்ணீராக ஓட்டின் நுண்துளைகள் வழியே இழக்க வேண்டும். அப்படி இழந்த இடத்தில்தான் அகன்ற முனையில் காற்றறை பெரிதாகிறது. குஞ்சு தன் முதல் மூச்சை அங்கிருந்துதான் எடுக்கிறது. பெட்டி மிக ஈரமாக இருந்தால் காற்றறை சிறுத்துப்போகும். மிக வறண்டால் உள்சவ்வு குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். முதல் 18 நாள் ஈரப்பதம் 50ஐ ஒட்டி, கடைசி மூன்று நாள் 65க்கு மேல் என்பது பொதுக்கணக்கு. அதை ஏற்ற, கிண்ணத்தில் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றிப் பயனில்லை. ஆவியாவது மேற்பரப்பிலிருந்து மட்டுமே. ஆழம் கணக்கில் வராது. அகலமான தட்டு வைத்தால் ஈரம் ஏறும், குறுகலான டம்ளர் வைத்தால் இறங்கும். மழைக்காலச் சென்னையில் வெறும் டம்ளரே அதிகமாகிவிடலாம். பங்குனி வறட்சியில் கோயம்புத்தூரில் அகலத்தட்டும் போதாமல் ஈரத்துணி தொங்கவிட வேண்டியிருக்கும். நகைக்கடைத் தராசு மாதிரி சின்னது ஒன்றை வைத்து வாரம் ஒருமுறை முட்டையை நிறுத்துப் பார்ப்பது, எந்த ஈரமானியையும் விட நம்பகமானது.

பெட்டியில் இருக்கும் சின்னத் துளைகளையும் இதே மரியாதையோடு பார்க்க வேண்டும். 60 கிராம் முட்டை பொரிவதற்குள் ஏறத்தாழ 6 லிட்டர் ஆக்சிஜனை உள்ளே இழுக்கிறது. சூடு போய்விடும் என்று பயந்து துளைகளை அடைத்தவர்கள் கடைசி வாரத்தில் முட்டைகளுக்கு மூச்சு முட்ட வைக்கிறார்கள்.

முட்டையைப் புரட்டுவது எல்லோரும் அறிந்ததுதான். ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். பென்சிலால் போடுவது, மை ஓட்டில் ஊறும் என்பதால். தினமும் மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையில் புரட்டுவதன் காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. இரவில் நாம் தூங்கும் நீண்ட நேரம் முட்டை ஒரே பக்கமாகக் கிடக்கிறது. ஒற்றைப்படையாகப் புரட்டினால் இன்றிரவு ஒரு பக்கம், நாளை இரவு மறுபக்கம் என்று அந்த நீண்ட ஓய்வும் மாறிமாறி அமைந்துவிடும்.

பெட்டியின் முழு அழகும் தெரிவது கடைசி வாரத்தில். தொடக்கத்தில் முட்டைகள் சூட்டை வாங்குபவை மட்டுமே. குஞ்சு வளர வளர அதன் உடம்பு தானே சூட்டை உண்டாக்கத் தொடங்குகிறது. அப்போது பல்பு எரியும் நேரம் குறைகிறது. ரிலேயின் இரண்டு "டக்"குகளுக்கு இடையே மௌனம் நீள்கிறது. மூடியைத் திறக்காமலே, டார்ச் அடித்துப் பார்க்காமலே, பல்பு அணைந்திருக்கும் நேரத்தை வைத்தே உள்ளே உயிர் இருக்கிறது என்று அறியலாம். நல்ல தெர்மோஸ்டாட் அந்தப் புதுச் சூட்டுக்கு அமைதியாக இடம் விட்டு ஒதுங்கிக்கொள்ளும். சூடு சமமாகப் பரவாத பெட்டியிலோ இந்தக் கட்டத்தில் நடுவில் நெருங்கிக் கிடக்கும் முட்டைகள் ஒன்றையொன்று சூடாக்கி எல்லை மீறிவிடும். ஃபேனுக்கு அதிகம் வேலை இருப்பது அப்போதுதான்.

18ஆம் நாள் புரட்டுவதை நிறுத்தி, ஈரத்தை ஏற்றி, மூடியை மூடினால் பிறகு திறக்கக் கூடாது. முதல் குஞ்சு வந்ததும் எடுத்துப் பார்க்கக் கை பரபரக்கும். தேவையே இல்லை: வெளிவருவதற்குச் சற்று முன்பு மஞ்சள் கருவின் மிச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் குஞ்சு வருகிறது, ஓரிரு நாள் அதற்கு இரை வேண்டாம். திறந்தால் ஈரம் போய், இன்னும் ஓட்டுக்குள் இருப்பவைதான் சிக்கிக்கொள்ளும்.

எல்லாம் பொரிந்து, குஞ்சுகள் காய்ந்து, தாய்விளக்கின் அடிக்குப் போன பிறகு தம்பி காலிப் பெட்டியிலிருந்து ஓடுகளை எந்த மூலை எது என்று தெரியும்படி எடுத்து வைக்கிறார். எல்லாம் 21ஆம் நாள் ஒன்றாக வந்திருந்தால் சூடு சரி. எல்லாமே 20இல் வந்தால் போர்டில் குறித்த சூட்டைச் சற்று இறக்க வேண்டும். 22க்குத் தள்ளிப்போனால் ஏற்ற வேண்டும். பல்புப் பக்கத்தவை முந்தி, ஃபேனுக்குப் பின்னால் இருந்தவை ஒரு நாள் பிந்தினால் போர்டில் எதையும் தொடக் கூடாது. தடுப்பையும் ஃபேனையும்தான் நகர்த்த வேண்டும். சென்ற ஈட்டில் பின்மூலை அரை நாள் பிந்தியது. தகரத் தடுப்பின் கீழ்விளிம்பை இரண்டு விரல் உயர்த்தி, அந்தப் பக்கம் காற்றுக்கு வழி வெட்டிக்கொண்டிருக்கிறார். அடுத்த முட்டைகள் மண்பானை மேல் குளிர்ச்சியில், அகன்ற முனை மேலாகக் காத்திருக்கின்றன.